எங்கள் வீட்டில் யாரும் பானை செய்ததில்லை

1

முதலில் இதைச் சொல்லிவிட்டால்தான் எனக்கு மூச்சு வரும். எங்கள் வீட்டில் யாரும் பானை செய்ததில்லை. அப்பா லாரி ஓட்டினார். அப்பாவின் அப்பா சோளக்காட்டுக்குக் கூலி வேலைக்குப் போனார். அதற்கு மேலே எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் உயிரோடும் இல்லை. பெரம்பலூர் பக்கம் எங்கள் தெருவில் மண்சட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு முதன்முதலில் எவர்சில்வர் வாங்கியது எங்கள் வீடுதான். அம்மா அதைப் பத்து வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதை எதற்கு இப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், துபாயில் அச்சடித்த ஒரு புத்தகம் வேறு மாதிரி சொல்கிறது. வழவழப்பான தாள். விலை போட்டு விற்கிற புத்தகம் இல்லை. கண்காட்சிக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பது. என் முதலாளி கரோல் என்கிற அமெரிக்க அம்மையார் மண் பிசைந்து, பாத்திரம் வனைந்து, ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்து ஐம்பது வருடம் ஆகிறது. அதற்கான விழாப் புத்தகம். நடுப்பக்கத்தில் இரண்டு கைகள், ஈரமண்ணைப் பிடித்தபடி. என் கைகள். முகம் இல்லை. கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘தென்னிந்தியாவின் பரம்பரைக் குயவர் குடும்பத்தில் வந்த ராஜ். இந்தக் கைகளுக்குள் ஐயாயிரம் வருட நினைவு இருக்கிறது.’

ஐயாயிரம் வருடம்! எனக்குப் போன வாரம் அரிசி வாங்குகிற நினைவே இல்லை என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

“உங்க கையப் புத்தகத்துல போட்டிருக்காங்க, சந்தோஷப்படாம எரிஞ்சு விழறீங்களே” என்றாள் என் மனைவி செல்வி.

“கையத்தான போட்டிருக்காங்க. மூஞ்சி எங்க?”

“மூஞ்சியப் போட்டா ஓசில குடுத்தாலும் வாங்க மாட்டாங்கன்னு விட்டிருப்பாங்க.”

சிரித்துவிட்டேன். ஆனாலும் அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

2

கரோலின் கதையைச் சொல்லாமல் என் கோபத்தை மட்டும் சொன்னால் நியாயமாகாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள் நாம்.

அவர் ஓஹாயோக்காரர். அப்பா பல் டாக்டர். படம் வரையப் படிக்கப் போன கல்லூரியில், பனிக்காலத்தில் ஒருநாள் குளிர் தாங்காமல் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கியிருக்கிறார். அங்கே பாத்திரம் சுடுகிற சூளை ஓடிக்கொண்டிருந்ததாம். கதகதப்புக்காக உட்கார்ந்தவர் எழுந்து வரவே இல்லை. “குளிர் காயப் போன நாய் வீட்டுக்காரியான கதை என்னுடையது” என்று வகுப்பில் சொல்வார். அமெரிக்காவில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை; பிறகு எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளரைக் கட்டிக்கொண்டு அபுதாபி. அந்த மனிதர் ஒருநாள் திரும்பிப் போனார், இவர் போகவில்லை. இங்கே ஒரு பள்ளியில் பதினைந்து வருடம் பிள்ளைகளுக்கு மண்வேலை சொல்லிக்கொடுத்துவிட்டு, துபாயின் அல் கூஸ் பகுதியில் ஒரு கிடங்கைப் பிடித்துத் தனி ஸ்டூடியோ போட்டார்.

வாத்தியார் என்றால் அவர் வாத்தியார். சேர்ந்த முதல் மாதம் யாரும் ஒரு கிண்ணத்தைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. வனைந்து முடித்ததும் ஒரு கம்பியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வருவார். கிண்ணத்தை நடுவில் நறுக்கி, இரண்டு பாதியையும் பிரித்துக் காட்டுவார். அடி தடிமன், விளிம்பு மெலிசு, எங்கே தப்பு என்று உள்சுவர் காட்டிக்கொடுத்துவிடும். லெபனான் பல் டாக்டர்கள், விமானிகளின் மனைவிமார், கறுப்பு அபாயா போட்ட இந்த நாட்டு எமிராத்திப் பெண்கள், யாராக இருந்தாலும் கம்பி கம்பிதான். அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். அழுதவர்கள்தான் அடுத்த மாதமும் வந்தார்கள்.

நான் அங்கே போனது எலக்ட்ரீஷியனாக. ஐ.டி.ஐ. படித்து, ஒரு பராமரிப்புக் கம்பெனியில் சேர்ந்து, சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் ஒரு அறைக்கு எட்டுப் பேராகக் கிடந்த காலம். கரோலின் மின்சாரச் சூளை பாதிச் சூட்டிலேயே நின்றுவிடுகிறது. வந்து பார்த்த இரண்டு பேர் ‘புதுசு வாங்குங்க’ என்று சொல்லிவிட்டார்கள். நான் கழற்றிப் பார்த்தேன். சூடேற்றுகிற காயில் நன்றாகத்தான் இருந்தது. மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கிற காண்டாக்டர் ஒன்று கரிந்திருந்தது, அவ்வளவுதான். அரை நாளில் ஓட வைத்தேன். இரண்டு மாதத்தில் என் விசாவைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். காலியாக இருந்த இடம் ‘க்ளீனர்’ என்பதால் வேலை அனுமதிக்கான லேபர் கார்டில் அதுவே விழுந்தது.

“பேப்பரில் என்ன இருந்தால் என்ன ராஜ், இந்தச் சூளைக்கு நீதான் மாஸ்டர்” என்றார்.

தங்கராசு என்கிற பெயரும் அன்றைக்கே ராஜ் ஆனது. பேப்பரில் ஒன்று, வாயில் ஒன்று, உண்மையில் ஒன்று. பதினாலு வருடம்.

மண்ணைத் தொட்டது என் சொந்த ஆசை. மதியம் வகுப்புக்காரர்கள் போனபிறகு, சாப்பாட்டு நேரத்தில் சக்கரத்தில் உட்காருவேன். யூடியூப், பழைய புத்தகம், அவர் வகுப்பில் கத்துவதைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே கேட்டது, இவ்வளவுதான் என் பள்ளிக்கூடம். இரண்டு வருடம் போனபிறகு ஒருநாள் கண்ணாடியை மறந்துவைத்துவிட்டுத் திரும்பி வந்த கரோல், பலகையில் வரிசையாக இருந்த ஏழு கிண்ணங்களைப் பார்த்தார். கம்பியை எடுத்தார். ஏழையும் நறுக்கினார். ஏழாவதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இதை நறுக்கியிருக்கக் கூடாது” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அந்த அம்மாளுக்கு ஆயுசு முழுக்க நன்றி சொல்வேன். அடுத்த வருடத்திலிருந்து சனிக்கிழமைப் புதுமுக வகுப்பு என் பொறுப்பு.

3

பொய் எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரு சனிக்கிழமை, பெரிய இடத்துப் பெண் ஒருவர் வகுப்புக்கு வந்திருந்தார். மண் உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்த முடியாமல் தவித்தார். நான் இரண்டு விரலால் நிறுத்திக் காட்டினேன். “எப்படி இவ்வளவு லேசாகச் செய்கிறார்?” என்று அவர் கரோலிடம் கேட்டார், நான் அங்கே நிற்காதது போல. கரோல் என் தோளில் கை வைத்தார். “இது அவர் ரத்தத்தில் இருக்கிறது. இந்தியாவில் அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் செய்கிறது.”

நான் அவரிடம் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை. அவருக்கு அது தோன்றியது, தோன்றியதைச் சொன்னார். நான் என்ன செய்தேன்? நம் ஊர்க்காரன் செய்கிற அதே வேலை. ஆமாம் என்றும் இல்லை என்றும் புரியாமல் தலையை ஒரு ஆட்டு ஆட்டினேன்.

அன்றைக்கு வகுப்பு முடிந்து சிந்திய சேற்றைத் துடைக்க நான் துடைப்பத்தை எடுத்தேன். அந்தப் பெண் பதறிப்போய், “நீங்களா? வேண்டாம், வேண்டாம்” என்று தானே துடைத்தார். அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் ‘மாஸ்டர்’ என்றார்கள். எலக்ட்ரீஷியன் ஒருத்தன் முட்டி தேய உட்கார்ந்து கற்றுக்கொண்டான் என்றால் துடைப்பம் அவன் கையில்தான் இருந்திருக்கும். ஐயாயிரம் வருடக் குயவன் என்றால் துடைப்பம் பிடுங்கப்படுகிறது. எனக்கு அது பிடித்திருந்தது. அதுதான் உண்மை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடியே கெட்டவன்.

4

பொய்யைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சாம்பல் விஷயத்தில்தான் வயிறு எரிந்தது.

சுட்ட பாத்திரத்தின் மேலே கண்ணாடி மாதிரி உருகி ஒட்டுகிற பூச்சுக்கு நாங்கள் கிளேஸ் என்று சொல்வோம். இந்த நாட்டில் எங்கே பார்த்தாலும் பேரீச்சை மரம். நகராட்சி ஆட்கள் வெட்டிப்போடுகிற காய்ந்த மட்டையைப் பார்க்கும்போதெல்லாம், இதை எரித்தால் வருகிற சாம்பலில் கிளேஸ் செய்தால் என்ன என்று எனக்கு அரிக்கும். கரோலிடம் கேட்டேன். “செய்து பார், சூளையை மட்டும் கெடுத்துவிடாதே” என்றார்.

முதல் பத்துச் சோதனையும் சொறி பிடித்த மாதிரிக் கொப்புளம். ஏன் என்று மூன்று மாதம் புரியவில்லை. பிறகுதான் புத்திக்கு எட்டியது: இங்கே மண்ணிலும் தண்ணீரிலும் உப்பு, மரத்திலும் உப்பு, சாம்பலிலும் உப்பு. சாம்பலைக் கழுவ ஆரம்பித்தேன். ஒரு தடவை கழுவினால் பாதிக் கொப்புளம், இரண்டு தடவைக்கு ஓரத்தில் மட்டும், மூன்று தடவைக்குச் சுத்தம். சாம்பல் தண்ணீர் பட்டுப்பட்டு உள்ளங்கைத் தோல் வெள்ளரிக்காய் சீவின மாதிரி உரிந்தது. எல்லாவற்றையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறேன். எடை, சூடு, எத்தனை மணி நேரம், என்ன நிறம். நாற்பத்தொன்றாவது சோதனையில் வந்தது: மழைக்கு முன்னால் வானம் இருக்குமே, அந்தச் சாம்பல் பச்சை. சூளைக் கதவைத் திறந்த கரோல் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

அவருடைய பெயர் வளைகுடா முழுக்கத் தெரிந்தது அந்தப் பச்சையால். பெரிய பெரிய ஓட்டல்களில் அந்தத் தட்டில் சாப்பாடு போகிறது. அதைப் பற்றிப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? ‘ராஜின் முன்னோர்கள் வழிவழியாகக் காத்த சாம்பல் ரகசியத்தைக் கரோல் பாலைவனத்துக்குக் கொண்டுவந்தார்.’

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம் ஊரில் சொல்வார்கள். என் தேங்காயை எடுத்து, பிறக்காத என் முப்பாட்டனுக்கு உடைத்துவிட்டார்கள். எங்கள் முன்னோர்களுக்குப் பேரீச்சம்பழமே ரம்ஜானுக்கு யாராவது கொடுத்தால்தான். பரம்பரை என்று சொல்லும்போது பாராட்டுகிற மாதிரிதான் இருக்கும். யோசித்துப் பாருங்கள்: பிறவியிலேயே வந்ததென்றால் நான் செய்தது என்ன? மீனுக்கு நீந்தத் தெரிகிறது என்று யாராவது சான்றிதழ் கொடுப்பார்களா?

5

கொடுக்கவில்லை. அதுதான் சங்கதியே.

கரோலுக்கு எழுபத்திரண்டு வயது. மணிக்கட்டு போய்விட்டது. கண்காட்சி முடிந்ததும் ஸ்டூடியோவை மூடிவிட்டு ஓஹாயோவுக்கே போகிறார். ஸ்டூடியோ மூடினால் என் விசா ரத்து. என் விசாவில் தொங்குகிற செல்வியும் மகள் பிரதீபாவும் கூடவே கிளம்ப வேண்டும். பிரதீபாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. ஒன்பது வயதில் வந்தவள். சம்பளத்தைப் பார்த்துக் குடும்ப விசா கொடுக்கலாம் என்று விதி மாறியபோது, என் சம்பளத்தை ஏற்றி அவர்களை வரவழைக்க வழிசெய்ததும் கரோல்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஷார்ஜா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மண்வேலைக்கூடத்துக்கு ஆள் தேடினார்கள். சூளை ஓட்ட வேண்டும், பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். எனக்கென்றே தைத்த சட்டை. அனுபவக் கடிதம் மட்டும் வேண்டும் என்றார்கள். கரோல் ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு துபாய் தேராவில் விசாத் தாள்களை டைப் அடித்துக் கொடுக்கிற காதர் பாயிடம் போனேன். காயல்பட்டினத்துக்காரர். முப்பது வருடமாக இந்த நாட்டுத் தாள்களையே பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் தாளாகவே பார்ப்பவர்.

கடிதத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லா எழுதிக்கிறாஹ தம்பி. படிச்சா அழுகை வருது. ‘விசுவாசம்’ இக்கிது. ‘குடும்பத்துல ஒருத்தர்’ இக்கிது. ‘மண்ணோட ஆத்மா’ன்னு ஒண்ணு இக்கிது. உமக்கு என்ன வேலை தெரியும்னு ஒரு வரி இக்கிதா?”

“சூளைன்னு எங்கயாவது போட்டிருக்கும், பாருங்க பாய்.”

“எங்கயும் காணோம். ‘பரம்பரைக் குயவர்’னு போட்டிக்கிது. லேபர் கார்டுல க்ளீனர். இவ்வளவு நாளா நீர் எலக்ட்ரீஷியன்னுல்ல நான் நெனச்சிக்கிட்டிருந்தேன்? மூணு ஆளுக்கு விசா கேட்டு ஒரே போட்டோவக் கொண்டாந்தா நான் என்னத்த செய்ய?”

“எலக்ட்ரீஷியன்தான் பாய்.”

“அப்ப அந்த அம்மாட்ட சொல்லும். இந்த ஊருல மனுஷன் பொய் சொன்னா மன்னிப்பான். தாளு மன்னிக்காது.”

நான் சொல்லவில்லை. அதே கடிதத்தைப் பள்ளிக்குக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. தொழில்நுட்ப அனுபவத்துக்கு ஆதாரம் இல்லாததால் அந்த வேலைக்கு எடுக்க முடியாது. ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கிற பண்பாட்டு நாளில் பாரம்பரிய உடையில் உட்கார்ந்து பானை செய்து காட்ட விருப்பமா? பாரம்பரிய உடை என்றால் வேட்டி, வெறும் மார்பு. மாதிரிக்குப் படம்கூட அனுப்பியிருந்தார்கள்.

அந்தப் படத்தை இப்போதும் போனில் வைத்திருக்கிறேன். கோபம் குறைகிற மாதிரி இருந்தால் எடுத்துப் பார்க்கிறேன்.

6

அந்த வாரமே மகளும் ஒரு கல்லைப் போட்டாள்.

வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். ‘என்னைப் பற்றி’ என்று ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். முதல் வரியைப் படித்தேன். ‘நான் ஐயாயிரம் வருடக் குயவர்களின் வாரிசு.’

“பிரதீபா, இது என்ன?”

“எஸ்ஸே ப்பா. நல்லாருக்கில்ல? மிஸ் ரொம்ப ஸ்ட்ராங் ஓபனிங்னு சொன்னாங்க.”

“உங்க தாத்தா லாரி டிரைவர்மா.”

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் நின்றாள். “ஆனா புக்ல போட்டிருக்கே. கரோல் ஆன்ட்டிகூட எங்கிட்ட சொல்லியிருக்காங்களே. நீங்க ஒருநாளும் இல்லைன்னு சொல்லலயே ப்பா.”

“நீ கேக்கல.”

“நான் எதுக்குக் கேக்கணும்? யூ வேர் ஸ்டாண்டிங் ரைட் தேர்!”

அவளே மெதுவாகச் சொன்னாள்: “நிஜத்தப் போட்டா யாருப்பா படிப்பாங்க? லாரி டிரைவர், க்ளீனர்... அப்படி எழுதுன பிள்ளைங்க இங்க ஆயிரம் பேர் இருக்காங்க.”

க்ளீனர் என்று அவள் சொன்னது என்னை. லேபர் கார்டைப் பார்த்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த இரண்டு அப்பாக்களில் ஒருவன் பொய், ஒருவன் துடைப்பம். நடுவில் நாற்பத்தொரு சோதனை செய்தவனை அவளுக்கு நான் அறிமுகமே செய்யவில்லை. பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப்போகிறார்கள் என்று வெள்ளிக்கிழமைதோறும் உட்கார்ந்து புலம்புகிறோம். நாம் எங்கே நிற்கிறோம் என்று அவர்களுக்குச் சொன்னால்தானே, விலகிப் போனார்களா கிட்டே வந்தார்களா என்று தெரியும்?

7

மறுநாள் காலை கண்காட்சிக்கான கடைசிச் சூளையைத் திறந்தோம். கரோல் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், நான் எலக்ட்ரீஷியன்.”

“தெரியுமே” என்று சிரித்தார்.

“என் அப்பா லாரி டிரைவர். எங்கள் குடும்பத்தில் யாரும் குயவர் இல்லை. இங்கே வருமுன் நான் மண்ணைத் தொட்டது, எர்த் கம்பி புதைக்கக் குழி தோண்டினபோது மட்டும்.”

தட்டைக் கீழே வைத்தார். முகம் சிவந்தது. “பதினாலு வருடம், ராஜ். ஏன் சொல்லவில்லை?”

“நீங்கள் கேட்கவில்லை. என் கதையை எனக்கே சொன்னீர்கள்.”

“உன்னை உயர்த்தித்தான் சொன்னேன்.”

“உயர்த்தினீர்கள். இப்போது நிற்க இடம் இல்லை.” என் ஆங்கிலம் கோபத்தில் இன்னும் ஓட்டையாகும். ஆனாலும் நிறுத்தவில்லை. “உங்கள் அப்பா பல் டாக்டர். நீங்கள் கற்றுக்கொண்டு குயவர் ஆனீர்கள். நான் மட்டும் ஏன் குயவனாகவே பிறந்திருக்க வேண்டும்?”

கரோல் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேஜைக்குப் போய்ப் புதிதாகக் கடிதம் எழுதினார். பதினாலு வருடம், இரண்டு மின்சாரச் சூளை, ஒரு வாயுச் சூளை, பழுது பார்ப்பது, காயில் மாற்றுவது, பதினொரு வருடம் புதுமுக வகுப்பு ஆசிரியர். எல்லாம் சரியாக, வாத்தியார் கையெழுத்தில். கடைசிப் பத்திக்கு வந்ததும் பேனா நின்றது. ஜன்னலைப் பார்த்தார். பிறகு எழுதினார்: ‘பேரீச்சைச் சாம்பல் கிளேஸை உருவாக்குவதில் எனக்கு உதவினார்.’

“உதவவில்லை மேடம்.”

“ராஜ், இன்னும் இரண்டு மாதத்தில் திறப்பு விழா. புத்தகம் அச்சாகிவிட்டது. சுவரில் எழுதக் கொடுத்தாகிவிட்டது. சூளை என்னுடையது, இடம் என்னுடையது. இது பொய் இல்லையே.”

வேலை கிடைக்க அதற்கு மேலே உள்ள வரிகளே போதும். மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். கழுத்து வரை தண்ணீரில் நிற்கிறவன் கயிறு பழசா புதுசா என்று பார்ப்பானா? நான் பார்த்தேன். என்னவோ பிடிவாதம்.

“செய்தார் என்று எழுத முடியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். ‘உதவினார்’ வேண்டாம்.”

“எடுத்துவிட்டால் உனக்குத்தானே நஷ்டம்?”

“இருக்கட்டும். இல்லாதது இல்லாததாகவே இருக்கட்டும்.”

அவர் அந்த வரியை அடித்தார். அடித்த கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு, சுத்தமாக டைப் அடித்ததில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அழுகை வேறு, நியாயம் வேறு. கம்பியால் ஆயிரம் கிண்ணத்தை நறுக்கி உள்சுவரைக் காட்டிய மனுஷி, தன் ஒரு கிண்ணத்தை மட்டும் நறுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

8

பள்ளியில் மறுபடி மனுப் போட்டேன். கடிதம் சரி, கிளேஸ் அனுபவத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அடித்த வரி அங்கே வந்து குத்தியது. என்னிடம் இருந்தது அந்த நோட்டு மட்டும். முழுக்கத் தமிழில், அதுவும் என் கோழிக்கிறுக்கலில்.

பிரதீபாதான் உட்கார்ந்தாள். மூன்று வெள்ளிக்கிழமை, நான் வாசிக்க வாசிக்க ஆங்கிலத்தில் அடித்தாள். “சோதனை பதினேழு. ஓரத்துல கொப்புளம். சீ, தூ... ‘சீ, தூ’வும் அடிக்கணுமா ப்பா?” “அத விட்டுடு.” “இல்ல, அதுதான் இருக்கறதுலயே சூப்பர்.” சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “சோதனை முப்பத்தி மூணு என் பர்த்டே அன்னைக்கு. அன்னைக்கு நீங்க வரலைன்னு நான் சாப்பிடவே இல்ல, தெரியுமா?” என்றாள். “தெரியும்” என்றேன். அந்தப் பக்கத்தை மட்டும் அவள் இரண்டு தடவை சரிபார்த்தாள். தன் கட்டுரையை மாற்றினாளா என்று நான் கேட்கவில்லை. அது அவள் கிண்ணம். அவள்தான் நறுக்க வேண்டும்.

வேலை கிடைத்தது. புது லேபர் கார்டில் ‘செராமிக் டெக்னீஷியன்’ என்று வந்திருக்கிறது. காதர் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இப்பத்தான் ஒரு ஆளா வந்திக்கிறீர்” என்றார்.

கரோலின் திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது, போகவில்லை. அன்றைக்குத்தான் பள்ளியில் எனக்கு முதல் நாள். புதுச் சூளைக்கு மூன்று ஃபேஸ் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முட்டி போட்டு, வாயில் டெஸ்டரைக் கவ்விக்கொண்டு பேனலுக்குள் தலையை விட்டிருந்தேன். பள்ளி முதல்வர் நான்கு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் கையில் அந்த வழவழப்பான புத்தகம்.

“இவர்தான் நம் புதிய ஆசிரியர்” என்றார் அவர்களிடம். “ஐயாயிரம் வருடப் பாரம்பரியத்தில் வந்தவர்.”

நான்கு பேரும் என் கைகளைப் பார்த்தார்கள். என் தலை, பழக்க தோஷத்தில், ஒரு ஆட்டு ஆட்டத் தயாரானது. டெஸ்டரை வாயிலிருந்து எடுத்தேன்.

“இல்லை சார், அந்தப் புத்தகத்தில் போட்டிருப்பது தப்பு” என்றேன். “என் பேர் தங்கராசு. அப்பா லாரி டிரைவர். நான் எலக்ட்ரீஷியன். இதை நான் கற்றுக்கொண்டேன்.”

முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் எழுந்து போய் ஐந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“உட்காருங்கள் சார். சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரமாகும்.”